முதுமையில் வேன் செலுத்துதல்: ஆசனத்தின் சுகம் மட்டும் போதுமா?

பாடசாலை விடுமுறை தொடங்கி விட்டால் நமது கரையோர ஊர்களில் வேன்களுக்குப் பெரும் கிராக்கி ஏற்பட்டு விடுகின்றது. பின்னாசனங்களை மடக்கிப் பாயும் தலையணையும் விரித்து, காஸ் அடுப்பு, சோற்றுப் பானை, தண்ணீர்க் கேன், தேநீர்ப் போத்தல் சகிதம் குடும்பமே ஏறிக் கொண்டு நுவரெலியாவுக்கும் கண்டிக்கும் கொழும்புக்கும் புறப்படும் காட்சி நமக்குப் புதியதன்று. மேற்கு நாடுகளில் இதே ஏற்பாட்டை நிரந்தரமாகவே செய்து, படுக்கை, சமையல் மேடை, தண்ணீர்த் தாங்கி ஆகியவற்றை வேனுக்குள் பொருத்தி, அதனைக் ‘கெம்பர் வேன்’ என்று அழைக்கின்றார்கள். ஓய்வு பெற்ற தம்பதியினர் பலர் அங்கு அத்தகைய வாகனத்தை வாங்கி மாதக் கணக்கில் ஊர் சுற்றி வருகின்றனர். நமது நாட்டிலும் அண்மைக் காலமாக உல்லாசப் பிரயாணிகளுக்கு இவ்வாறான வேன்கள் வாடகைக்கு விடப்படுகின்றன.

மாவடிப்பள்ளியைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் அண்மையில் நம்மைச் சந்தித்தபோது ஒரு கேள்வியை எழுப்பினார். “தம்பி, எனக்கு அறுபத்தேழு வயதாகுது. வேனுக்குள்ள ஒரு படுக்கையைப் போட்டுக்கிட்டு மனிசியோட நாட்டைச் சுற்றிப் பார்க்க ஆசை. கார விட வேன் ஓட்டத்தான் எனக்குச் சுகம். ஆனா புள்ளைகள் வேணாமென்று தடுக்குதுகள். நீங்க என்ன சொல்றீங்க?” என்பதே அக்கேள்வி.

இது ஒரு தனி மனிதரின் கேள்வி அன்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின் போதே இலங்கையரில் நூற்றுக்கு 12 பேருக்கு மேற்பட்டோர் 60 வயதைக் கடந்திருந்தனர். அவ்விகிதம் அதன் பின்னர் மேலும் உயர்ந்துள்ளது. வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியவர்கள், ஓய்வூதியர்கள், கடை நடத்துபவர்கள் எனப் பலர் அறுபதைக் கடந்த பின்னரும் குடும்ப வேனைத் தாமே செலுத்துகின்றனர். எனவே, வேன் என்பது வயதானவர் செலுத்துவதற்கு உண்மையில் வசதியான வாகனந்தானா என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது பயனுடையது.

வேனின் கதை

ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் நிறுவனம் 1950ஆம் ஆண்டு தனது முதலாவது வேனைச் சந்தைக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே வெஸ்ட்பாலியா என்னும் நிறுவனம் அதனுள் படுக்கையும் அலுமாரியும் பொருத்தத் தொடங்கியது. இன்றைய கெம்பர் வேன்களுக்கு அதுவே முன்னோடி எனலாம். ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் 1967இல் ஹைஏஸ் வேனை அறிமுகஞ் செய்தது. நமது மக்கள் ‘டொல்பின்’ என்றும் ‘கேடிஎச்’ என்றும் செல்லப் பெயரிட்டு அழைப்பவை யாவும் இந்த ஹைஏஸின் வெவ்வேறு தலைமுறைகளே. இவற்றோடு நிஸ்ஸான் கரவன், டவுன்ஏஸ், 660 சீசீ இயந்திரங் கொண்ட சிறிய சுசுக்கி எவ்ரி என்பனவும் நமது வீதிகளில் ஓடுகின்றன.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியிலேயே நீக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்தாண்டு காலம் புதிய வாகனம் வராத காரணத்தால் பழைய வேன்களையே பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓட்ட வேண்டிய நிலை ஏற்பட்டது. ஆதலால் இன்று நமது முதியவர் ஒருவர் செலுத்தும் வேன் பெரும்பாலும் வயதான வேனாகவே இருக்கின்றது என்பதையும் நாம் மனதிற் கொள்ள வேண்டும்.

வசதி எங்கே இருக்கின்றது?

வேன் ஓட்டுவது சுகம் என்று அந்த ஆசிரியர் கூறியது வெறும் பிரமை அன்று. காரின் ஆசனம் தாழ்வானது. அதில் அமர்வதற்கு இடுப்பையும் முழங்காலையும் ஆழமாக மடக்க வேண்டும். எழும்போது கதவைப் பற்றிக் கொண்டு உடலைத் தூக்க வேண்டும். வேனின் ஆசனமோ உயரமானது. சாரதி நாற்காலியில் அமர்வது போன்று நிமிர்ந்து அமர்கின்றார். முழங்காலிலும் முதுகிலும் நோவுள்ளவருக்கு இது ஆறுதலே. முன் கண்ணாடி அகலமானது. முன்னால் செல்லும் காருக்கு மேலாகத் தூரத்து வீதியைக் காண முடிகின்றது. தானியங்கி கியரும், விசையுதவியுடன் திரும்பும் சுக்கானும் உள்ள வேனாயின் இடது காலுக்கும் தோள்களுக்கும் வேலை குறைகின்றது.

அளவிலும் ஜப்பானிய வேன்கள் நமது ஒழுங்கைகளுக்கு ஏற்றவை. சாதாரண ஹைஏஸ் 4.7 மீற்றருக்குட்பட்ட நீளமும் 1.7 மீற்றருக்குட்பட்ட அகலமும் கொண்டது. ஜப்பானின் சிறுவாகன வகைக்குரிய வரம்புக்குள் அடங்கும்படி அது அமைக்கப்பட்டதே இதற்குக் காரணம். சிறிய எவ்ரி போன்றவை 3.4 மீற்றர் நீளத்தையும் 1.48 மீற்றர் அகலத்தையும் தாண்டுவதில்லை. ஐரோப்பியக் கெம்பர் வேன்கள் பல இவற்றை விட மிகப் பெரியவை.

வசதியின் மறுபக்கம்

ஆனால் அமர்ந்திருப்பதற்குச் சுகமானது எல்லாம் செலுத்துவதற்கும் இலகுவானது என்று கொள்ளலாகாது. ஹைஏஸ் போன்ற வேன்களில் இயந்திரம் முன்னாசனத்துக்குக் கீழே இருக்கின்றது. சாரதி முன் சில்லுக்கு மேலேயே அமர்கின்றார். இதனால் அவர் உள்ளே ஏறுவதற்குச் சில்லின் மேல் வளைவைத் தாண்டிக் காலை உயர்த்த வேண்டும். ஏறிய பின் சுகம். ஏறுவதும் இறங்குவதுமே சிரமம். இருளில் இறங்கும் போது கால் தவறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக் கொண்ட முதியவர்களை நாம் அறிவோம். கைப்பிடி ஒன்றும், வழுக்காத படியொன்றும் பொருத்துவது பெருஞ் செலவுக்குரிய காரியம் அன்று.

இயந்திரம் ஆசனத்தின் கீழிருப்பதால் வெப்பமும் இரைச்சலும் சாரதியையே முதலில் சேர்கின்றன. குளிரூட்டி பழுதடைந்த பழைய வேனில் நண்பகல் வேளையில் மூன்று மணித்தியாலம் ஓட்டும் முதியவரின் உடல், தாகம் தெரியாமலே நீரை இழந்து விடுகின்றது. மேலும், சாரதிக்கு முன்னால் நீண்ட முன்பகுதி இல்லாத வேனில், மோதலின் வேகத்தை வாங்கிக் கொள்ளும் இடம் குறைவு. 2019இல் வெளிவந்த புதிய ஹைஏஸ் வகையில் இயந்திரம் சாரதிக்கு முன்னால் நகர்த்தப்பட்டுக் குறுகிய முன்பகுதி ஒன்று அமைக்கப்பட்டமை கவனிக்கத்தக்கது.

திருப்பத்திலும் வேறுபாடு உண்டு. கார் ஓட்டிப் பழகியவர் வேனைச் சந்தியிற் சற்று முன்னதாகவே திருப்பி விடுகின்றார். அப்போது பின் சில்லு உட்புற மூலையை வெட்டிச் செல்கின்றது. அம்மூலையில் நிற்கும் சைக்கிளும் மதகுக் கட்டும் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. உயரமான உடல் கொண்ட வேன் பக்கக் காற்றுக்கும் அசைந்து கொடுக்கும். வயல்வெளியூடாகச் செல்லும் வீதிகளில் சோளகக் காற்று வீசும் போது இதனை உணரலாம்.

படுக்கையும் தண்ணீர்த் தாங்கியும் பொருத்தினால் நிறை கூடுகின்றது. 100 லீற்றர் தண்ணீர் 100 கிலோகிராம் நிறையாகும். அதனுடன் அடுப்பு, சிலிண்டர், மரப்பலகை, பொதிகள், ஆட்கள் யாவும் சேரும்போது பிரேக் பிடித்தால் வாகனம் நிற்கும் தூரமும் நீளும். அந்த நிறையைக் கூரையில் ஏற்றினாலோ வளைவுகளில் வேன் சாயும் அபாயமும் அதிகரிக்கும். வெறும் வேனை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சுகமாயிருக்கின்றது என்று முடிவு செய்பவர் இதனைக் கணக்கிலெடுப்பதில்லை.

உடல் சொல்லும் கணக்கு

வாகனத்தை விடவும் முக்கியமானது அதைச் செலுத்தும் உடல். 60 வயதுடைய ஒருவரின் விழித்திரையைச் சென்றடையும் ஒளி, 20 வயதில் அவருக்குக் கிடைத்ததில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே என்று கண் மருத்துவம் கூறுகின்றது. கண்மணி சுருங்குவதும் வில்லை மங்குவதும் இதற்குக் காரணங்கள். பகலில் நன்றாகப் பார்க்கின்றேன் என்று கூறும் பெரியவர் இரவில் அதே அளவு பார்ப்பதில்லை. எதிரே வரும் வாகனத்தின் வெளிச்சம் கண்ணில் பட்ட பின்னர் பார்வை தெளிவடைவதற்கும் அவருக்குக் கூடுதல் நேரம் தேவைப்படும். கண்புரை தொடங்கியிருப்பின் நிலைமை இன்னும் மோசமாகும்.

மணித்தியாலத்துக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடி விடுகின்றது. ஆபத்தைக் கண்டு காலைப் பிரேக்கில் வைப்பதற்கு ஒருவருக்கு அரைச் செக்கன் தாமதித்தால் 8 மீற்றர் கைவிட்டுப் போகின்றது. ஒரு பிள்ளை வீதியைக் கடப்பதற்கு அந்த 8 மீற்றரே போதுமானதாக இருந்திருக்கும்.

கழுத்தெலும்பு தேய்ந்தவர்களால் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்க இயலாது. படுக்கையும் திரைச்சீலையும் பின்கண்ணாடியை மறைத்த வேனில் இது இரட்டிப்புக் குறையாகும். பின்னோக்கும் கமெரா ஒன்றும், பெரிய பக்கக் கண்ணாடிகளும் பொருத்துவது ஆடம்பரம் அன்று, அவசியம்.

சீனி வருத்தம் பற்றித் தனியாகக் கூற வேண்டும். நமது பகுதியில் அது இல்லாத வீடே அரிது. நீண்ட காலம் அந்நோயுள்ளவரின் பாதங்கள் மரத்துப் போகின்றன. தனது கால் பிரேக்கின் மேல் இருக்கின்றதா, அக்சிலேட்டரின் மேல் இருக்கின்றதா என்பதைப் பாதமே அவருக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பாதம் பேசாமலிருந்தால் விபரீதம் நேரலாம். இறப்பர் செருப்பு அணிந்து ஓட்டும் பழக்கம் அதை மேலும் மோசமாக்கும்.

இன்சுலின் எடுப்பவர்களுக்கும் சீனியைக் குறைக்கும் சிலவகை மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கும் இரத்தத்தில் சீனி திடீரெனக் குறையலாம். நடுக்கம், வியர்வை, பார்வை மங்கல், குழப்பம் ஆகியன அதன் அறிகுறிகள். பிரித்தானியாவில் இன்சுலின் எடுக்கும் சாரதிகளுக்கு, அளவு 5 மில்லிமோலுக்கு, அதாவது நமது கணக்கில் 90 மில்லிகிராமுக்குக் குறைந்தால் ஏதேனும் உண்ட பின்னரே ஓட்டுமாறும், சீனி குறைந்து மீண்டவர் 45 நிமிடம் பொறுத்திருக்குமாறும் அறிவுறுத்தப்படுகின்றது. றமழான் மாதத்தில், அஸருக்குப் பின், நோன்பு திறக்க வீட்டுக்கு விரையும் வேளையே நோன்பாளியான நோயாளிக்கு மிகவும் அபாயகரமானது. நோயாளிக்கும் பிரயாணிக்கும் நோன்பைப் பிற்போடும் சலுகையை மார்க்கம் வழங்கியிருக்கின்றது. அச்சலுகையைப் பயன்படுத்துவதில் வெட்கப்படுவதற்கு எதுவுமில்லை.

நமது வீதிகள்

காரைதீவிலிருந்து மாவடிப்பள்ளியூடாகச் சம்மாந்துறை செல்லும் வீதியை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இருமருங்கும் வயல், இடையிடையே பாலம். மாலையானதும் மாடுகள் வீதியில் படுக்கும். அறுவடைக் காலத்தில் யானைக் கூட்டம் வயலுக்குள் இறங்கும். விளக்கில்லாத சைக்கிளும் பின்வெளிச்சமற்ற உழவு இயந்திரமும் இருளோடு இருளாகச் செல்லும். ஒரு தடவை அவ்வழியே இரவில் வேன் செலுத்திச் சென்ற நாம், எதிரே வந்த பாரவூர்தியின் வெளிச்சத்தில் கண் கூசிச் சில கணங்கள் வீதியின் ஓரத்தையே இழந்தோம். ஐம்பதைக் கடந்த நமக்கே இவ்வாறாயின், எழுபதை எட்டுபவரின் நிலை என்ன என்று அன்று எண்ணினோம்.

2024 நவம்பர் 26ஆம் திகதி அதே மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் பாய்ந்து கொண்டிருந்த வேளை, மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் அள்ளுண்டு, மாணவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தமை இப்பிரதேசம் என்றும் மறக்க முடியாத துயரமாகும். உயரமான சில்லுள்ள உழவு இயந்திரத்தையே அந்த நீர் விட்டு வைக்கவில்லை. ஓடும் நீர் ஒரு அடி உயரம் இருந்தால் கார்களையும், இரண்டு அடி இருந்தால் பெரும்பாலான வாகனங்களையும் அது இழுத்துச் செல்லக் கூடியது. ‘நமது வேன் உயரமானது, கடந்து விடலாம்’ என்ற எண்ணம் எந்த வயதினருக்கும் ஆகாது.

நெடும்பயணமும் அவ்வாறே. கல்முனைப் பிரதேசத்திலிருந்து கொழும்பு செல்வதற்கு முந்நூற்றைம்பது கிலோமீற்றர் அளவில் ஓட வேண்டும். மகியங்கனை, கண்டி வழியே செல்வோர் ‘பதினெட்டு வளைவு’ எனப் பெயர் பெற்ற மலைவீதியில் ஏற வேண்டியிருக்கின்றது. கட்டுநாயக்காவுக்குப் பிள்ளையை வழியனுப்பவும், உம்றா சென்று திரும்புவோரை அழைத்து வரவும், கொழும்பில் மௌத்தானவரின் ஜனாஸாவில் கலந்து கொள்ளவும் நாம் பெரும்பாலும் இரவிலேயே புறப்படுகின்றோம். நித்திரையின்மை, துக்கம், அவசரம் மூன்றும் ஒன்று சேரும் அந்த இரவில் குடும்பத்தின் மூத்தவரே சாரதியாக அமர்வது ஒருபோதும் உசிதமானதன்று.

சட்டம் என்ன சொல்கின்றது?

இலங்கையில் இலகு ரக வாகனங்களுக்கான சாரதி அனுமதிப் பத்திரம் எட்டு ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகின்றது. அதற்குத் தேசிய போக்குவரத்து வைத்திய நிறுவகத்தின் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அறுபத்து நான்கு வயதில் அதனைப் புதுப்பிக்கும் ஒருவருக்கு எழுபத்திரண்டு வயது வரை பத்திரம் கையிலிருக்கலாம். அந்த எட்டு ஆண்டுகளில் உடலில் எவ்வளவோ மாற்றங்கள் நேரும். பத்திரத்தின் திகதி அவற்றை அறியாது.

பிரித்தானியாவில் 70 வயதானதும் அனுமதிப் பத்திரம் முடிவடைகின்றது. அதன் பின் மூன்று ஆண்டுகளுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். மூன்றரைத் தொன்னுக்கு மேற்பட்ட பெரிய கெம்பர் வேனை அந்த வயதின் பின்னரும் ஓட்ட விரும்புபவர் மருத்துவப் பரிசோதனைக்கும் உட்பட வேண்டும்.

நமக்கு வேன்களை அனுப்பும் ஜப்பானில் 75 வயதைக் கடந்தவர்கள் பத்திரத்தைப் புதுப்பிக்கும் போது ஞாபக சக்திப் பரீட்சைக்குத் தோற்றும் முறை 2009 முதல் நடைமுறையிலுள்ளது. குறிப்பிட்ட சில வீதிக் குற்றங்களைப் புரிந்த முதியோர் வாகனத்தைச் செலுத்திக் காட்ட வேண்டுமென்ற விதி 2022இல் சேர்க்கப்பட்டது. 2019 ஏப்ரலில் டோக்கியோவின் இக்கெபுக்குரோ பகுதியில் 87 வயதுடைய ஒருவர் பிரேக் என எண்ணி அக்சிலேட்டரை மிதித்ததால் ஒரு தாயும் அவரது மூன்று வயது மகளும் உயிரிழந்தனர். அச்சம்பவம் அந்நாட்டையே உலுக்கியது. தாமாகவே முன்வந்து பத்திரத்தை ஒப்படைக்கும் முதியோருக்கு அங்கு ஒரு சான்றிதழ் வழங்கப்படுகின்றது. அதனைக் காட்டிப் பேருந்து, டாக்சிக் கட்டணங்களில் சலுகை பெறவும் முடிகின்றது. பறிப்பதை விடப் பெருமையோடு விட்டுக் கொடுக்கச் செய்வதே அந்த ஏற்பாட்டின் நோக்கமாகும்.

செய்யக் கூடியவை

நமது பெரியவர்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் சில ஆலோசனைகளைக் கூற விரும்புகின்றோம்.

பத்திரத்தில் எத்திகதி இருப்பினும், அறுபதைக் கடந்தவர் ஆண்டுக்கொரு முறையேனும் கண்களைப் பரிசோதித்துக் கொள்ள வேண்டும். பிரித்தானியாவில் கையாளப்படும் எளிய முறை ஒன்றை வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கலாம். நிறுத்தியிருக்கும் வாகனத்திலிருந்து 20 மீற்றர் தொலைவில், அதாவது ஏறத்தாழ 25 தொடக்கம் 30 எட்டுத் தூரத்தில் நின்று அதன் இலக்கத் தகட்டை வாசிக்க முடியாதவர் வாகனத்தைச் செலுத்தலாகாது.

வேன் வாங்கு முன் அதில் பத்துத் தடவையாவது ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். பொதிகளும் ஆட்களும் ஏறிய நிலையிலேயே ஓட்டிப் பரீட்சிக்க வேண்டும். படுக்கையும் அடுப்பும் நிரந்தரமாகப் பொருத்த விரும்புவோர் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் முன்கூட்டியே விசாரித்துக் கொள்வது நல்லது. ஓடும் வேனில் படுக்கையில் எவரும் படுத்திருக்கலாகாது. முன்னாசனங்களுக்கு ஆசனப்பட்டி 2011 முதல் கட்டாயமாக்கப்பட்டது. பின்னால் இருப்பவரின் எலும்பும் அதே எலும்புதான். காஸ் சிலிண்டரின் வால்வைப் பயணத்தின் போது மூடிவிட வேண்டும். வேனுக்குள் தூங்கும் போது அடுப்பு எரியவே கூடாது.

இரண்டு மணித்தியாலத்துக்கொரு முறை இறங்கி நடக்க வேண்டும். நீண்ட நேரம் காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தால் கால் நரம்புகளில் இரத்தம் உறையும் அபாயம் உண்டு. நமது பயணங்களில் தொழுகைக்காக நிறுத்துவதும் இதற்கு நல்ல வாய்ப்பே. மஃரிபுக்குப் பின் சுக்கானை இளையவரிடம் கொடுத்துவிடுவது சாலச் சிறந்தது. தடிமனுக்கும் ஒவ்வாமைக்கும் எடுக்கும் சில மாத்திரைகள் நித்திரையை வரவழைக்கும் என்பதால் வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ‘வாப்பாவுக்கு வயசு போயிற்று, இனி ஓட்ட வேணாம்’ என்று திறப்பைப் பறித்து ஒளித்து வைப்பது அறிவுடைமை அன்று. நமது ஊர்களில் ஒரு மனிதருக்கு வாகனம் என்பது வெறும் இரும்பு அன்று. கடைக்கும் பள்ளிவாசலுக்கும் வைத்தியசாலைக்கும் பிறரிடம் கையேந்தாமல் செல்லும் சுதந்திரம் அது. அதனைப் பறித்த மறுநாளே அவர் திண்ணையில் முடங்கி விடுகின்றார். ஒரு நாள் அவருடன் பக்கத்து ஆசனத்தில் அமர்ந்து செல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகின்றார் என்பதைப் பாருங்கள். இரவை மட்டும் விடச் சொல்லுங்கள், பின்னர் நெடும்பயணத்தை, பின்னர் நெரிசலான நகரத்தை. படிப்படியாகக் குறைப்பதை எந்தத் தந்தையும் அவமானமாகக் கருத மாட்டார். ஆனால் விட்டுக் கொடுத்ததற்குப் பதிலாக அவரை ஏற்றிச் செல்ல நீங்கள் இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்காதவருக்குத் திறப்பைக் கேட்கும் உரிமை இல்லை.

மாவடிப்பள்ளி ஆசிரியருக்கு நாம் அளித்த விடையும் இதுவே. வேன் அவருக்கு வசதியானதுதான். ஆனால் வேனின் வசதி, தனது உடலின் குறையை அவர் உணராதிருக்கவும் செய்யக் கூடும். கண்ணையும் சீனியையும் பரிசோதித்து, பகலில் மட்டும், நாளொன்றுக்கு நூறு நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேற்படாமல், தனது மகன்மாரில் ஒருவரையும் இரண்டாவது சாரதியாக அழைத்துக் கொண்டு அவர் நாட்டைச் சுற்றி வரட்டும். அவசரமற்ற பயணமே முதுமைக்கு அழகு. சென்ற குடும்பம் முழுதாக வீடு திரும்புவதை விடப் பெரிய சுகம் எந்த ஆசனத்திலும் இல்லை.